பனிக்கால மலைப் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பனி மூடிய மலைக்கு முதல் முறை போகத் திட்டமிடுகிறவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சறுக்கு விளையாட்டு மட்டும் போதும் என்பவர்களுக்கு அதற்கான மையங்களே எல்லாவற்றையும் சொல்லித் தந்துவிடும். நடக்க, விலங்கு பார்க்க, மலையை மலையாகப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குத்தான் இது. சில கேள்விகளுக்கு இரண்டு வரி போதும். பனிச்சரிவு, காட்டு விலங்குகள் இரண்டையும் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகவே சொல்லியிருக்கிறேன்.

குளிர்காலத்தில் மலையில் பார்க்க என்ன இருக்கும்? விலங்குகள் எல்லாம் உறங்கிவிடுமே?

உறங்குபவை குறைவு. மார்மட் என்ற பெரிய தரை அணில்கள் குடும்பமாக வளைக்குள் சுருண்டு மாதக்கணக்கில் உறங்கும். கரடிகள் குகைக்குள் போய்விடும். ஓநாய், நரி, மான், காட்டு ஆடுகள், ஆந்தை, கழுகு என மற்ற பெரும்பாலானவை விழித்துக்கொண்டுதான் இருக்கும்.

சொல்லப்போனால் விலங்கு பார்க்கக் கோடையைவிடக் குளிர்காலமே நல்லது. இலைகள் உதிர்ந்துவிடுவதால் பார்வை தூரம் போகும். மேலே புல் பனிக்குள் புதைந்துவிடுவதால் தாவர உண்ணிகள் கீழே இறங்கி வரும், அவற்றின் பின்னாலேயே வேட்டை விலங்குகளும் வரும். எது எங்கே போனது என்பதைப் பனியே எழுதி வைத்திருக்கும்.

பனிச்சிறுத்தையின் இணைசேரும் காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. ஆண்டு முழுக்கச் சத்தம் காட்டாத அந்த விலங்கு அப்போது பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும்படி குரல் கொடுக்கும். தாடிக் கழுகு கடும் குளிரிலேயே முட்டையிட்டுவிடும். குஞ்சு பொரியும் நேரத்தில், குளிரிலும் பனிச்சரிவிலும் இறந்த விலங்குகளின் உடல்கள் உருகும் பனியிலிருந்து வெளிப்படத் தொடங்கியிருக்கும். எலும்பையே முக்கிய உணவாகக் கொண்ட பறவைக்கு அதைவிட நல்ல காலம் கிடையாது.

எந்த மாதம் போகலாம்?

வட அரைக்கோளத்தில் ஜனவரி பின்பாதியும் பிப்ரவரியும். டிசம்பரில் பகல் மிகக் குறுகல், பனியும் பல இடங்களில் இன்னும் ஆழமாகச் சேர்ந்திருக்காது. மார்ச்சில் பகல் நீளும், நடக்கச் சுகமாக இருக்கும். ஆனால் மதியத்துக்குப் பிறகு பனி நனைந்து கனக்கும், வெயில் படும் சரிவுகள் ஆபத்தாக மாறும். ஆண்டிஸ், நியூசிலாந்து மலைகளுக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை.

எவ்வளவு குளிரும் என்று முன்கூட்டியே எப்படிக் கணிப்பது?

சராசரியாக 1000 மீட்டர் ஏறினால் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். அடிவார ஊரின் வெப்பநிலை தெரிந்தால் மேலே எவ்வளவு இருக்கும் என்று மனக்கணக்காகவே போட்டுவிடலாம்.

இந்தக் கணக்கு இரண்டு இடத்தில் உதைக்கும். ஒன்று, காற்று. வெப்பநிலை மைனஸ் 10, காற்று மணிக்கு 30 கிலோமீட்டர் என்றால் திறந்திருக்கும் தோலுக்கு அது ஏறக்குறைய மைனஸ் 20 போலத்தான் இருக்கும். முகட்டில் நிற்பதும் முகட்டுக்குச் சற்றுக் கீழே காற்று மறைவில் நிற்பதும் வேறு வேறு பருவங்கள் என்றே சொல்லலாம்.

இன்னொன்று, தெளிந்த அமைதியான இரவு. குளிர்ந்த காற்று கனமானது. அது சரிவில் வழிந்து பள்ளத்தாக்கின் அடியில் தேங்கிவிடும். அப்படிப்பட்ட விடியற்காலையில் கீழே இருப்பதைவிட நூறு இருநூறு மீட்டர் மேலே இதமாக இருக்கும். கூடாரம் போடும் இடத்தைத் தேர்வு செய்யும்போது இதை மறக்காதீர்கள். ஆற்றோரச் சமவெளி அழகாக இருக்கும், இரவில் அதுவே அந்த வட்டாரத்தின் மிகக் குளிர்ந்த இடமாகவும் இருக்கும்.

என்ன உடுத்துவது? கனமான ஒரே கோட் போதாதா?

போதாது. அது நிற்கும்போது சரியாக இருக்கும், ஏறும்போது வியர்க்க வைக்கும், வியர்வை நனைத்த பின் நின்றால் நடுங்க வைக்கும். பனி மலையில் மனிதரைக் குளிர்விப்பது பெரும்பாலும் அவருடைய சொந்த வியர்வைதான்.

அதனால் மூன்று அடுக்கு. உடம்போடு ஒட்டியதாக மெல்லிய மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர். அதன்மேல் ஃபிளீஸ் அல்லது கம்பளி. வெளியே காற்றையும் ஈரத்தையும் தடுக்கும் ஜாக்கெட். இறகு நிரப்பிய ஜாக்கெட்டைப் பையில் வைத்திருங்கள், நின்று ஓய்வெடுக்கும்போது மேலே போட்டுக்கொள்ள அது. நனைந்தால் இறகு அமுங்கிச் சூடு காக்கும் தன்மையை இழந்துவிடும் என்பதால் நடக்கும்போது அணிய வேண்டாம்.

பருத்தி வேண்டவே வேண்டாம். பனியன், ஜீன்ஸ், காலுறை எதிலும். நனைந்த பருத்தி சீக்கிரம் காயாது, உடல் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

புறப்படும்போது லேசாகக் குளிர வேண்டும். பத்து நிமிட நடையில் உடம்பு சூடாகிவிடும். வியர்க்கப் போகிறது என்று தோன்றினாலே நின்று ஓர் அடுக்கைக் கழற்றிவிடுங்கள். சோம்பல்பட்டு அப்படியே நடப்பவர்கள்தான் சாயங்காலம் அவதிப்படுகிறார்கள்.

காலணியை இறுக்கமாக வாங்காதீர்கள். சூடாக இருக்கட்டும் என்று இரண்டு காலுறை திணித்தால் ரத்த ஓட்டம் தடைபட்டு விரல்கள் இன்னும் சீக்கிரம் மரத்துப்போகும். விரலை அசைக்க இடம் வேண்டும். கைக்கு, ஐந்து விரலும் தனித்தனியாக உள்ள உறையைவிட நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் மிட்டன் அதிகச் சூடு தரும்.

எனக்குப் பனிச்சறுக்கு தெரியாது. வேறு என்ன செய்யலாம்?

காலணிக்கு அடியில் கட்டிக்கொள்ளும் அகலச் சட்டமான ஸ்னோஷூ போட்டு நடக்கலாம். நடக்கத் தெரிந்தால் போதும், கற்க ஒரு மணி நேரம்கூட ஆகாது. அகலமான அடிப்பகுதி உங்கள் எடையைப் பரப்பிவிடுவதால் தொடை வரை புதையும் பனியில் கணுக்கால் அளவே இறங்குவீர்கள். இத்தாலியின் ஆல்ப்ஸ் பகுதியில் 3,134 மீட்டர் உயரத்தில், பனியாறு ஒன்றில் பிர்ச் மரக்கிளையை வளைத்துக் கட்டிய ஒரு பழைய ஸ்னோஷூ கிடைத்தது. கி.மு. 3800க்கும் 3700க்கும் இடைப்பட்டது என்று காலம் கணித்திருக்கிறார்கள். அத்தனை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பும் ஒரு மனிதர் அந்த உயரத்தில் நமக்குத் தெரிந்த அதே உத்தியோடு நடந்திருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்க்கும்.

கெட்டியாக மிதிபட்ட பாதைக்கு ஸ்னோஷூ தேவையில்லை. காலணிக்கு அடியில் மாட்டும் சிறு பற்கள் கொண்ட மைக்ரோஸ்பைக் போதும். செங்குத்தான உறைந்த சரிவுக்கு, நீண்ட கூர்பற்கள் கொண்ட கிராம்பானும் பனிக்கோடரியும் வேண்டும், அவற்றோடு முறையான பயிற்சியும் வேண்டும். சமதளத்தில் நீண்ட தூரம் போக விரும்பினால் கிராஸ் கன்ட்ரி ஸ்கீ கற்றுக்கொள்ளுங்கள். மலைச்சரிவில் பாயும் சறுக்கைவிட இது பொறுமையான விளையாட்டு. சத்தமும் இல்லை.

புதுப் பனியில் முன்னால் நடப்பவர்தான் பாதை வெட்டுகிறார், அவருக்கே களைப்பு அதிகம். அதனால் குழுவில் முறை மாற்றிக்கொள்ளுங்கள்.

ஊசியிலை மரங்களின் அடியையும் கவனியுங்கள். தாழ்ந்த கிளைகள் பனியைத் தடுப்பதால் தண்டைச் சுற்றிப் பொலபொலவென்ற பள்ளம் இருக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. தலைகுப்புற உள்ளே விழுந்தவர் தானாக வெளியே வருவது மிகக் கடினம். மரத்தை ஒட்டிப் போகாமல் தள்ளியே நடங்கள்.

பனிச்சரிவு பற்றிப் பயமாக இருக்கிறது. சாதாரண நடைக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். பயப்படுவதைவிடப் புரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் பனிச்சரிவு எங்கே வரும் என்பதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது.

பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில் கிளம்புகின்றன. அதைவிடச் சாய்வு குறைந்தால் பனி நிற்கும், மிகவும் கூடினால் பனி பெரிதாகச் சேர்வதற்கு முன்பே சிறிது சிறிதாக உதிர்ந்துவிடும். ஆக, 30 டிகிரிக்குக் குறைந்த இடத்தில் நடப்பதும், செங்குத்தான சரிவுக்கு நேர் கீழே போகாமல் இருப்பதும் ஆபத்தின் பெரும்பகுதியைத் தவிர்த்துவிடும். இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நீங்கள் நிற்பது சமதளமாக இருக்கலாம், மேலே இருக்கும் சரிவு உடைந்தால் அது உங்களிடம்தான் வந்து நிற்கும். சாய்வை அளக்கத் தொலைபேசியிலேயே செயலிகள் இருக்கின்றன. மரமே இல்லாத நீண்ட பட்டை ஒன்று காட்டுக்கு நடுவில் நேராக இறங்கினால் அது பனிச்சரிவு பழகிய வழி என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம்.

உயிரிழப்பு நேர்ந்த பனிச்சரிவுகளில் மிகப் பெரும்பாலானவற்றைத் தூண்டியது அதில் சிக்கியவரோ அவருடைய குழுவினரோதான். மேல் அடுக்கு கெட்டியாகவும் அதன் அடியில் ஓர் அடுக்கு பலவீனமாகவும் இருக்கும்போது, ஒருவருடைய எடையே அதை உடைக்கப் போதும். புயல் ஓய்ந்த முதல் ஓரிரு நாட்கள், பலத்த காற்று பனியை வாரி ஒரே பக்கம் குவித்த நாட்கள், திடீரென்று சூடான மதியங்கள் இவற்றில் ஆபத்து அதிகம். காலடியில் 'வும்ப்' என்று அடங்கிய ஒலி கேட்டாலோ, காலிலிருந்து விரிசல் ஓடினாலோ பேச்சே இல்லை, வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

பல மலை நாடுகள் தினமும் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகின்றன. சுவிட்சர்லாந்தில் டாவோஸ் நகரில் இருக்கும் ஆய்வு நிறுவனம் இதில் பெயர்பெற்றது. இந்திய இமயமலைக்குச் சண்டிகரில் இருக்கும் பாதுகாப்புத் துறை ஆய்வு நிறுவனம் அறிக்கை தருகிறது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் அளவுகோலில் ஐந்து நிலைகள் உண்டு. 'ஐந்துக்கு மூன்றுதானே, நடுத்தரம்தானே' என்று நினைப்பது தவறு. உயிரிழப்புகளில் பெரும்பங்கு மூன்றாம் நிலையில்தான் நடக்கிறது. நான்கிலும் ஐந்திலும் மக்கள் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள்.

சந்தேகமான நிலப்பகுதிக்குப் போகும் ஒவ்வொருவரிடமும் மூன்று பொருள் இருக்க வேண்டும்: சமிக்ஞை அனுப்பும் டிரான்சீவர், பனியைக் குத்திப் பார்க்கும் நீளக் கம்பி, மண்வாரி. உள்ளே புதைந்தவரை முதல் 10 நிமிடங்களுக்குள் எடுத்துவிட்டால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு, அதன் பிறகு வாய்ப்பு சட்டென்று சரிந்துவிடும். மீட்புக் குழு வந்து சேர அதைவிட நேரமாகும். அதாவது, உங்களைக் காப்பாற்றப் போவது பக்கத்தில் நடப்பவர்தான். அவருக்கும் பயிற்சி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உறைந்த ஏரியில் நடக்கலாமா?

உள்ளூர்க்காரர் சொன்னால் மட்டும். தெளிவான, கருமையாகத் தெரியும் பனிக்கட்டி குறைந்தது 10 சென்டிமீட்டர் தடிமன் இருந்தால் ஒருவர் நடக்கலாம் என்பது பொதுவான அளவு. வெள்ளையாகக் குமிழியோடு இருக்கும் கட்டிக்கு அதன் பாதி வலுதான், எனவே இருமடங்கு தடிமன் வேண்டும். ஓடை வந்து சேரும் இடம், வெளியேறும் இடம், பாறை ஓரம், பாலத்தடி இவை எப்போதும் மெலிந்திருக்கும்.

உள்ளே விழுந்துவிட்டால் முதல் ஒரு நிமிடம் மூச்சு திணறும். அது அடங்கும், பதறாதீர்கள். அதன் பிறகு கைகால் சொன்னபடி கேட்கும் நேரம் சுமார் பத்து நிமிடம். வந்த திசைக்கே திரும்பி, காலை உதைத்து உடம்பைக் கிடைமட்டமாக்கி, கட்டியின் மேல் வயிற்றால் ஏறி, எழுந்து நிற்காமல் உருண்டே விலகுங்கள்.

உயரத்தால் தலைவலி வருமா?

2500 மீட்டருக்கு மேல் யாருக்கும் வரலாம், இளைஞர் முதியவர் கணக்கில்லை. 3000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். தலைவலி, குமட்டல் வந்தால் அதற்கு மேல் ஏறக் கூடாது. நடை தள்ளாடினாலோ ஓய்வில் இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உடனே கீழே இறங்க வேண்டும், இரவானாலும்.

விரல் மரத்துப்போனால்? ஒருவர் அதிகமாக நடுங்கினால்?

தோல் வெளிறி, கெட்டியாகி, உணர்ச்சி இல்லாமல் போனால் திசு உறையத் தொடங்கிவிட்டது என்று பொருள். பனியை வைத்துத் தேய்க்கும் பழைய வழக்கம் காயத்தை அதிகமாக்கும், தேய்க்கவே கூடாது. லேசானது என்றால் அக்குளிலோ வயிற்றிலோ வைத்துச் சூடாக்குங்கள். ஆழமானது என்றால் பத்திரமான இடம் சேர்ந்த பின் 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் வைக்க வேண்டும். மறுபடி உறைய வாய்ப்பிருந்தால் உருக்காமலே இருப்பது நல்லது. உருகி மீண்டும் உறைந்தால் சேதம் பல மடங்கு.

உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போவதுதான் ஹைப்போதெர்மியா. பேச்சு குழறும், கை பொருளை நழுவவிடும், கால் தடுமாறும், எரிச்சலோ அலட்சியமோ தெரியும். பாதிக்கப்பட்டவருக்குத் தனக்கு ஒன்றும் இல்லை என்றே தோன்றும், கூட இருப்பவர்தான் கவனிக்க வேண்டும். ஈர உடையைக் களைந்து, காற்றிலிருந்து மறைத்து, தரையிலிருந்தும் பிரித்து வையுங்கள். விழுங்க முடிந்தால் இனிப்பான சூடான பானம் கொடுங்கள். மது கொடுக்கக் கூடாது. தோலின் ரத்தக் குழாய்களை விரித்துச் சூடு தருவதுபோல் காட்டும், உண்மையில் உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே விட்டுவிடும். நடுக்கம் நின்றபிறகும் ஆள் தெளியவில்லை என்றால் அது முன்னேற்றம் அல்ல, நிலைமை மோசமாகிறது. உடனே மருத்துவ உதவிக்கு ஆள் அனுப்புங்கள். அவரை அதிகம் அசைக்காதீர்கள்.

சாப்பாடு, தண்ணீர்?

தாகம் தெரியாது, ஆனால் வறண்ட குளிர்காற்றில் ஒவ்வொரு மூச்சிலும் நீர் போய்க்கொண்டே இருக்கும். நேரம் வைத்துக் குடியுங்கள். பாட்டிலைத் தலைகீழாக வைத்தால் மேலே உறையும் கட்டி அடிப்பக்கம் நின்றுவிடும், மூடி திறக்கும். பனியை அள்ளி வாயில் போடாதீர்கள், அதை உருக்க உடல் தன் சூட்டைச் செலவழிக்க வேண்டும். உணவைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி எடுத்துக்கொள்ளுங்கள்.

மேகமூட்டம்தானே, கறுப்புக் கண்ணாடி அவசியமா?

அவசியம். புதுப் பனி தன்மேல் படும் ஒளியில் 80 விழுக்காட்டுக்கு மேல் திருப்பி அனுப்பும், புற ஊதாக் கதிர்கள் மேகத்தையும் ஊடுருவும். கண்ணில் மணல் விழுந்ததுபோன்ற வலி சில மணி நேரம் கழித்துத்தான் தொடங்கும், அதற்குள் தீங்கு நடந்திருக்கும். பக்கவாட்டிலும் மறைக்கும் கண்ணாடி வாங்குங்கள். தாடைக்கு அடியிலும் மூக்குத் துளை ஓரத்திலும் வெயில் களிம்பு தடவுங்கள்.

எந்த விலங்கை எங்கே, எப்படிப் பார்ப்பது?

முதலில் காலுக்கு அடியில் இருந்து தொடங்குவோம். பனி 20, 30 சென்டிமீட்டர் சேர்ந்துவிட்டால் அது தரைக்குக் கம்பளிப் போர்வை மாதிரி. மேலே மைனஸ் 25 இருந்தாலும் தரையை ஒட்டிய இடுக்கில் பூஜ்ஜியத்துக்குப் பக்கமாகவே இருக்கும். அந்த இடுக்கில் வோல் எலிகளும் மூஞ்சூறுகளும் சுரங்கம் அமைத்துக் குளிர்காலம் முழுக்க ஓடியாடி வாழ்கின்றன. அவற்றை நம்பித்தான் மேலே பலரின் பிழைப்பு.

செந்நரி தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக் கேட்டு, எகிறிக் குதித்து, மூக்கு முதலில் பனிக்குள் பாய்வதைப் பார்த்தால் அந்த நாள் நிறைந்துவிடும். செக் நாட்டில் நரிகளைக் கவனித்த ஆய்வாளர்கள் 2011இல் ஒரு வியப்பான முடிவை வெளியிட்டார்கள்: வடகிழக்கை நோக்கிப் பாயும்போது நரிக்கு வெற்றி கிடைப்பது மற்றத் திசைகளைவிட மிக அதிகம். பூமியின் காந்தப்புலத்தை வைத்து நரி தூரம் கணிக்கிறதோ என்பது அவர்கள் எண்ணம். பெரும் சாம்பல் ஆந்தைக்கோ காது மட்டுமே போதும், அரை மீட்டர் ஆழப் பனிக்கு அடியில் எலி நகர்வதைக் கேட்டே பிடித்துவிடும். பனியில் ஒரு குழி, அதன் இருபுறமும் விசிறிபோல் இறகுத் தடம் தெரிந்தால் ஆந்தை இறங்கிய இடம் அது.

வெள்ளை உடுத்தும் விலங்குகள் இன்னொரு கூட்டம். மலைமுயல், டார்மிகன் என்ற தரைப் பறவை, ஸ்டோட் என்ற சிறு ஊனுண்ணி. ஸ்டோட்டுக்கு வால் நுனி மட்டும் கறுப்பாகவே இருக்கும். நிறம் மாறுவதைத் தீர்மானிப்பது பனி அல்ல, பகலின் நீளம். அதனால் பனி தாமதமாக விழும் ஆண்டுகளில் பழுப்புத் தரையில் வெள்ளை முயல் பளிச்சென்று நிற்கிறது. வெப்பமாகிவரும் மலைகளில் இது அடிக்கடி நடக்கத் தொடங்கியிருக்கிறது. பார்க்க அழகு, முயலுக்கு அது உயிர்ப் பிரச்சினை.

ஆல்ப்ஸில் ஐபெக்ஸ் ஆடுகளைத் தேடுபவர்கள் ஆழப் பனியைப் பார்க்காமல், தெற்கு நோக்கிய செங்குத்தான பாறைச் சரிவுகளைப் பார்க்க வேண்டும். பனி அங்கே நிற்காது, புல் வெளியே தெரியும். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில், 1995இல் ஓநாய்கள் மீண்டும் கொண்டுவரப்பட்டன. லமார் பள்ளத்தாக்கில் குளிர்கால விடியற்காலையில் தொலைநோக்கியோடு சாலையோரம் நின்றால் வெள்ளை நிலத்தில் அவை நகர்வது கிலோமீட்டர் தொலைவில்கூடத் தெரியும். பைசன்கள் பெரிய தலையை இடவலமாக ஆட்டிப் பனியைத் தள்ளிப் புல் மேய்வதையும் அங்கே பார்க்கலாம். ஜப்பானின் ஜிகொகுதானியில் மக்காக் குரங்குகள் வெந்நீர் ஊற்றில் கழுத்தளவு உட்கார்ந்திருக்கும். பெண் குரங்குகளுக்கு அந்தக் குளியலால் மன அழுத்த ஹார்மோன் குறைவதை 2018இல் வெளியான ஆய்வு காட்டியது.

பனிச்சிறுத்தைக்கு இந்திய இமயமலையின் லடாக்கும் ஸ்பிதியும். 2024 ஜனவரியில் வெளியான கணக்கெடுப்பு இந்தியாவில் 718 பனிச்சிறுத்தைகள் இருப்பதாக மதிப்பிட்டது, அதில் 477 லடாக்கில். குளிர்காலத்தில் நீலச் செம்மறிகளைப் பின்தொடர்ந்து அவை ஊர்ப்பக்கம் வரை இறங்கும். தேடும் முறை எளிது, பொறுமைதான் கடினம். சிறுத்தையைத் தேடாதீர்கள், செம்மறி மந்தையைத் தேடுங்கள். மந்தை முழுக்க ஒரே திசையை வெறித்துப் பார்த்தால் நீங்களும் அங்கே பாருங்கள். ஏறக்குறைய ஒரு மீட்டர் நீள வாலால் தன்னைச் சுற்றிக்கொண்டு பாறையோடு பாறையாகப் படுத்திருக்கும்.

தடங்களைப் படிக்க ஒரு தொடக்கம் சொல்லுங்கள்.

ஒரே ஒரு காலடியைக் குனிந்து பார்ப்பதைவிட நிமிர்ந்து முழு வரிசையையும் பாருங்கள். கோடு போட்டதுபோல் நேராகப் போனால் பெரும்பாலும் நரி. பெரிய பின்னங்கால் இரண்டும் முன்னால், சிறிய முன்னங்கால்கள் பின்னால் என்றால் முயல், குதித்தபோது பின்கால் முன்காலைத் தாண்டி விழுந்திருக்கிறது. இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்து தாவிப்போய் திடீரென்று பனிக்குள் மறைந்தால் ஸ்டோட். நகத் தடம் இருந்தால் நாயினம், இல்லாமல் வட்டமாக இருந்தால் பூனையினம். வெயிலில் தடம் உருகி விரியும், சாதாரண நரித் தடம் ஓநாய் அளவுக்குப் பெரிதாகத் தெரியலாம். நிழலில் உள்ள தடத்தையே நம்புங்கள்.

தடம் கிடைத்தால் அது வந்த திசையில் பின்னோக்கிப் போங்கள். விலங்கை விரட்டாமல் அதன் கதை முழுக்கக் கிடைக்கும்.

எவ்வளவு பக்கத்தில் போகலாம்? உணவு கொடுத்தால் என்ன?

யெல்லோஸ்டோனில் ஓநாய், கரடியிடமிருந்து சுமார் 91 மீட்டர், மற்ற விலங்குகளிடமிருந்து சுமார் 23 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது சட்டம். மற்ற இடங்களுக்கும் நல்ல அளவுதான். ஆனால் குளிர்காலத்தில் இன்னும் தள்ளி நிற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

காரணம் இதுதான். இந்த விலங்குகள் இலையுதிர்காலத்தில் சேர்த்த கொழுப்பைக் கரைத்துத்தான் வசந்தம் வரை ஓட்டுகின்றன. சிவப்பு மான் குளிர்காலத்தில் இதயத் துடிப்பைக் குறைத்து, கைகால் பகுதிகளைக் குளிரவிட்டுச் சிக்கனமாக வாழ்வதை வியன்னா ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். கருங்காட்டுக்கோழி பகலின் பெரும்பகுதியைப் பனிக்குள் தோண்டிய வளையிலேயே கழிக்கும், வெளியே வருவது தின்பதற்கு மட்டும். ஒரு பனிச்சறுக்குக்காரர் பக்கத்தில் போனால் அது வளையை உடைத்துக்கொண்டு பறக்க வேண்டும், குளிரில் இன்னொரு வளை தோண்ட வேண்டும். ஆழப் பனியில் ஓடும் மானுக்கும் இதே செலவுதான். நமக்கு அது ஒரு நல்ல படம், அதற்கோ திரும்பக் கிடைக்காத சேமிப்பு. இதனால்தான் சுவிட்சர்லாந்தில் குளிர்கால அமைதிப் பகுதிகள் என்று எல்லை வகுத்திருக்கிறார்கள். எல்லைப் பலகை இருந்தால் தாண்டாதீர்கள், இல்லாத இடத்தில் குறிக்கப்பட்ட பாதையிலேயே நடங்கள். விலங்குகள் பழகிய பாதையில் போகும் மனிதரைக் கண்டு அதிகம் மிரள்வதில்லை. எதிர்பாராத திசையிலிருந்து, மேலிருந்து, காட்டோரமாக வருபவரைக் கண்டுதான் ஓடுகின்றன.

ஒரு விலங்கு மேய்வதை நிறுத்தித் தலை தூக்கி உங்களைப் பார்த்தால் நீங்கள் ஏற்கனவே மிக அருகில் வந்துவிட்டீர்கள். மெதுவாகப் பின்வாங்குங்கள். நாயைக் கூட்டிப்போனால் கயிற்றில் வைத்திருங்கள்.

உணவு கொடுக்காதீர்கள். மானின் இரைப்பை நுண்ணுயிர்கள் குளிர்கால மரக்குச்சி உணவுக்குப் பழகியிருக்கும், திடீரென்று தானியம் தின்றால் மான் செத்துப்போகக்கூட வாய்ப்புண்டு. பிஸ்கட்டுக்குப் பழகிய நரி சாலையோரம் காத்திருக்கும், வண்டியில் அடிபடும்.

பனி நிலத்தைப் படம் எடுத்தால் சாம்பலாக வருகிறதே?

கேமரா எல்லாக் காட்சியையும் நடுத்தர வெளிச்சமாக்கப் பார்க்கும், அதனால் வெள்ளை மங்கும். கேமராவுக்குள் போகும் ஒளியின் அளவான எக்ஸ்போஷரை 1 முதல் 1.5 ஸ்டாப் கூட்டுங்கள். பேட்டரிகளை உள்சட்டைப் பையில் உடம்போடு வையுங்கள். சூடான அறைக்குள் போகும் முன் கேமராவை நெகிழிப் பையில் காற்றுப் புகாமல் கட்டிவிட்டால் ஈரம் பையின் மேல் படியும், லென்சுக்குள் போகாது.

விலங்கு ஒன்றும் கண்ணில் படாவிட்டால்?

அப்படியான நாட்கள்தான் அதிகம், அவையும் வீணல்ல. பனி விழும்போது கறுப்புக் கையுறையை நீட்டி ஒரு சிறு உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். மைனஸ் 15 டிகிரி அளவில் உருவானவை கிளை விரித்த ஆறுமுனை நட்சத்திரங்கள், மைனஸ் 5 அளவில் உருவானவை ஊசிகள். மேலே மேகத்தில் நடந்தது கையில் வந்து விழுகிறது. அமெரிக்காவின் வெர்மான்ட்டில் வில்சன் பென்ட்லி என்ற விவசாயி 1885இல் முதன்முதலாக ஒற்றைப் பனிப்படிகத்தைப் படம் பிடித்தார். அப்புறம் வாழ்நாளில் ஐயாயிரத்துக்கும் மேல் எடுத்தார்.

மரங்களையும் பாருங்கள். காட்டின் மேல் எல்லையில் ஒரே பக்கம் மட்டும் கிளை உள்ள மரம் எந்தத் திசையிலிருந்து காற்று வருகிறது என்று சொல்லிவிடும். ஜப்பானின் ஸாவோ மலையில் ஃபிர் மரங்கள் மேல் மேகத்துளிகள் படிந்து உறைந்து உறைந்து, மரமே தெரியாத வெள்ளை உருவங்களாக வரிசை கட்டி நிற்கும். நல்ல குளிரில், மைனஸ் 10க்குக் கீழே, பனி காலடியில் கிறீச்சிடும். அந்த ஒலி மந்தமானால் வெப்பம் ஏறுகிறது, சரிவுகளைப் பற்றி மறுபடி யோசிக்க வேண்டிய நேரம்.

தனியாகப் போகலாமா? ஒரு நாள் நடைக்கு என்ன திட்டம்?

பனிக்காலத்தில், அதுவும் முதல் பருவத்தில், தனியாக வேண்டாம். வழிகாட்டியோடோ அனுபவசாலி ஒருவரோடோ போங்கள்.

பொழுது விடிவதற்குள் புறப்படுங்கள், விலங்குகள் நடமாடும் நேரம் அதுதான், பனியும் கெட்டியாக இருக்கும். கோடையில் நடக்கும் தூரத்தில் பாதியை மட்டும் திட்டமிடுங்கள். திரும்பும் நேரத்தைக் கிளம்பும்போதே முடிவு செய்து, உச்சி எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் அந்த நேரத்தில் திரும்பிவிடுங்கள். பையில் தலைவிளக்கு, கூடுதல் பேட்டரி, காகித வரைபடம், திசைகாட்டி, அவசரத்தில் உள்ளே புகுந்துகொள்ளும் காப்புப் பை, தீப்பெட்டி, உலர்ந்த கையுறை ஒரு ஜோடி. மலம் கழிக்க நேர்ந்தால் நீர்நிலையிலிருந்து 60 மீட்டராவது தள்ளிப் போங்கள், முடிந்தால் பையில் கட்டி எடுத்து வந்துவிடுங்கள். பனி எதையும் மட்கச் செய்யாது, வசந்தத்தில் அப்படியே ஓடையில் சேர்க்கும்.

எந்தப் பாதை, எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவோம், எந்த நேரம் தாண்டினால் மீட்புக் குழுவை அழைக்க வேண்டும் என்ற நான்கையும் ஊரில் இருக்கும் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். இறங்கியதும் முதல் வேலையாக அவரை அழைத்து, வந்துவிட்டோம் என்று சொல்லிவிடுங்கள்.